ரத்தம் சொல்லும் பாதிக் கதை

மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை, சிறுநீரகம் பழுதானவர்களிடம் தடுமாறுகிறது. தங்கவயல் போன்ற ஊர்களில் அந்தத் தடுமாற்றத்துக்கு விலை அதிகம்.

மாரிகுப்பம் பக்கம் போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது சாம்பல் நிற மேடுகள்தான். பாறையைப் பொடித்து, தங்கத்தைப் பிரித்தெடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிய கழிவு மண். காற்றடிக்கும் மாதங்களில் இது பறந்து வந்து வீட்டுத் திண்ணையில் படிகிறது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்தது முதல், 2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரை, 120 ஆண்டுகள் இங்கே தமிழர்கள் பூமிக்குள் இறங்கினார்கள். பெரும்பாலும் வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து வந்த தலித் குடும்பங்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது.

தங்கம் வெளியே போனது. தூசி நெஞ்சில் தங்கியது. 1940களில் தங்கவயல் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, 100 பேரில் 40க்கும் மேற்பட்டவர்களுக்கு சிலிகோசிஸ் இருந்தது. பாறைத் தூசியில் உள்ள சிலிகா நுரையீரலைத் தழும்பாக்கும் நோய் அது. பிற்காலத்தில் தூசியைக் கட்டுப்படுத்தினார்கள், நோயும் குறைந்தது. ஆனால் சுரங்கம் மூடப்பட்டபோது நாற்பதுகளில் இருந்தவர்கள் இன்று எழுபதை நெருங்கிவிட்டார்கள் அல்லது தாண்டிவிட்டார்கள். இந்த வயதில் எல்லா ஊர்களிலும் வரும் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு ஆகியவை இங்கேயும் வருகின்றன.

இப்படிப்பட்ட ஒருவருக்கு நடு இரவில் மூச்சு முட்டுகிறது அல்லது நெஞ்சு கனக்கிறது. ரத்தம் எடுக்கிறார்கள். 'டிராபோனின் அதிகம்' என்று ரிப்போர்ட் வருகிறது. அது மாரடைப்பா? சிறுநீரகத்தின் வேலையா? பல ஆண்டுகளாகத் தூசியோடு போராடும் நுரையீரல் இதயத்தின் வலப்பக்கத்துக்குக் கொடுக்கும் சுமையா? மூன்றும் ஒரே எண்ணுக்குள் ஒளிந்திருக்கலாம். டாக்டர் எதை நம்புகிறார் என்பதைப் பொறுத்து நோயாளி வீட்டுக்குப் போகிறார் அல்லது 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்கு ஆம்புலன்சில் போகிறார்.

இரண்டில் எந்த முடிவு தவறினாலும் ஆபத்து. உண்மையான மாரடைப்பை 'கிட்னிக்காரருக்கு இது சகஜம்' என்று தள்ளிவிட்டால் உயிர் போகும். இல்லாத மாரடைப்புக்கு ரத்தத்தை இளக்கும் ஊசி போட்டால், ஏற்கெனவே ரத்தக் கசிவுக்கு ஆளாகக்கூடிய சிறுநீரக நோயாளிக்கு வயிற்றிலோ மூளையிலோ ரத்தம் கசியலாம். நகையை அடகு வைத்து ஆஞ்சியோகிராம் செய்து, அடைப்பு எதுவும் இல்லை என்ற செய்தியோடு திரும்பும் குடும்பங்களும் உண்டு.

ஜப்பானில் தொடங்கிய கதை

டிராபோனின் என்பது தசை சுருங்கி விரிய உதவும் புரதம். 1965இல் ஜப்பானிய விஞ்ஞானி எபாஷியும் அவரது சகாக்களும் அதை அடையாளம் கண்டார்கள். அதில் டி, ஐ என்ற இரண்டு துண்டுகள் இதயத் தசைக்கே உரிய வடிவத்தில் இருக்கின்றன. இதயத் தசை செல்கள் சாகும்போது அவை ரத்தத்தில் கலக்கின்றன. ரத்தத்தில் இந்தத் துண்டுகள் தென்பட்டால் இதயத்துக்கு அடி பட்டிருக்கிறது என்று பொருள். அதற்கு முன் டாக்டர்களுக்குக் கிடைத்த தடயங்கள் இவ்வளவு துல்லியமானவை அல்ல. 1950களில் எஸ்ஜிஓடி என்ற நொதியை அளந்தார்கள். கல்லீரல் கெட்டாலும் அது ஏறும். பிறகு வந்த சிபிகே, சிபிகே-எம்பி ஆகியவை கை கால் தசையில் அடிபட்டாலும் ஏறும். 1980களின் பிற்பகுதியில் டிராபோனின் சோதனைகள் வந்தன. 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய, அமெரிக்க இதய மருத்துவர் சங்கங்கள் மாரடைப்புக்குப் புதிய இலக்கணம் வகுத்தபோது டிராபோனினை அதன் நடுவில் வைத்தன.

சிறுநீரக நோயாளிகள்தான் இந்த இலக்கணத்துக்குள் அடங்காதவர்கள். நெஞ்சு வலியே இல்லாமல் டயாலிசிசுக்கு வந்து போகிறவர்களின் ரத்தத்திலும் டிராபோனின் டி அதிகமாக இருந்தது. முதலில் பழி சோதனையின் மேல் விழுந்தது. முதல் தலைமுறைச் சோதனை உடம்பின் மற்ற தசைகளில் உள்ள டிராபோனினையும் சேர்த்துக் காட்டிவிட்டது. அடுத்தடுத்த தலைமுறைகளில் அந்தக் குறை நீங்கியது. ஆனாலும் எண் இறங்கவில்லை. அதாவது, அந்த டிராபோனின் இதயத்திலிருந்துதான் வருகிறது.

ஏன் வருகிறது? காரணம் ஒன்றல்ல. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது; அதற்கு எதிராக வேலை செய்து செய்து இதயத்தின் இடது அறைச் சுவர் தடிக்கிறது. தடித்த தசைக்கு ரத்தம் போதுவதில்லை. சிறு ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, பெரிய குழாய்களில் சுண்ணாம்பு படிகிறது. ரத்த சோகை வந்து சேர்கிறது. வெளியேறாத நீர் உடம்பில் தேங்கி இதயத்தைப் புடைக்கச் செய்கிறது. இவை அனைத்தும் சேர்ந்து இதயத் தசையைச் சிறிது சிறிதாக அரிக்கின்றன. இப்படிக் கசிகிற டிராபோனினை வெளியேற்றும் வேலையில் சிறுநீரகத்துக்கும் பங்கு உண்டு என்பதால், அது சோர்ந்ததும் வெளியேற்றமும் குறைகிறது. வரவு அதிகம், செலவு குறைவு, கையிருப்பு ஏறிவிடுகிறது.

நுண்ணிய சோதனை, நுண்ணிய குழப்பம்

கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த அதிநுண் டிராபோனின் சோதனைகள் இந்தக் குழப்பத்தைப் பெரிதாக்கிவிட்டன. முன்பு கண்ணுக்குப் படாத அளவுகளையும் இவை எண்ணிச் சொல்கின்றன. ஆரோக்கியமானவர்களில் 100 பேரில் 99 பேருக்கு இதற்குள்தான் இருக்கும் என்று கணக்கிட்ட அளவே மேல் வரம்பு. அதிநுண் டிராபோனின் டி சோதனையில் அது லிட்டருக்கு 14 நானோகிராம். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களில் ஏறக்குறைய எல்லோருமே, உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத நாளிலும், இந்த வரம்பைத் தாண்டியிருக்கிறார்கள். டிராபோனின் ஐ அளவில் இந்தக் குறை சற்றுக் குறைவு. ஆனால் முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது.

ஸ்காட்லாந்து மருத்துவமனைகளுக்கு மாரடைப்பு சந்தேகத்தோடு வந்த 4,726 பேரின் ரத்தத்தை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு இதற்கு எண்களைக் கொடுத்தது. டிராபோனின் ஐ அளவு 5 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் ஆபத்து மிகக் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். சிறுநீரகம் நன்றாக இருந்தவர்களில் 56 சதவீதத்தினர் இந்தப் பாதுகாப்பான வரம்புக்குள் வந்தார்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களில் 17 சதவீதத்தினரே வந்தார்கள். வரம்பைத் தாண்டியவர்கள் பக்கம் பார்த்தால், சிறுநீரகம் நன்றாக இருந்தவர்களில் 62 சதவீதத்தினருக்கு உண்மையிலேயே மாரடைப்பு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களில் சரிபாதிப் பேருக்குத்தான். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் இதே விடைதான் கிடைக்கும்.

அப்படியானால் இவர்களுக்குச் சோதனையே வேண்டாமா? அதே ஆய்வின் இன்னொரு எண் அந்த எண்ணத்தைத் தடுத்து நிறுத்துகிறது. டிராபோனின் வரம்பைத் தாண்டியவர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தவர்களில் 10 சதவீதத்தினர் மாரடைப்புக்கு ஆளானார்கள் அல்லது இதய நோயால் இறந்தார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களில் இது 24 சதவீதம். அதற்கு முன்பே, 2002இல், 7,000க்கும் அதிகமான நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வும் இதையே சொன்னது: சிறுநீரகம் எந்த நிலையில் இருந்தாலும், டிராபோனின் டி ஏறியிருந்தால் ஆபத்தும் ஏறியிருக்கிறது. 'கிட்னியால் ஏறியது, பயப்பட வேண்டாம்' என்ற ஆறுதலுக்கு ஆதாரம் இல்லை. இன்று மாரடைப்பு இல்லாமல் இருக்கலாம். இதயம் நலமாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

இரண்டாவது எண்

குழப்பத்திலிருந்து வெளியேறும் வழி எளிமையானது. ஒரு எண்ணை நம்பக் கூடாது. இரண்டாவது முறை ரத்தம் எடுக்க வேண்டும். மாரடைப்பு என்பது ஒரு நிகழ்ச்சி. அது நடக்கும்போது டிராபோனின் சில மணி நேரத்தில் மளமளவென்று ஏறி, பிறகு நாட்கணக்கில் மெல்ல இறங்குகிறது. சிறுநீரக நோயால் வரும் கசிவோ நிலைமை. இன்றும் நாளையும் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும்.

எடுத்துக்காட்டாக மூன்று நோயாளிகளை எண்ணிப் பார்க்கலாம். மூவருக்கும் சிறுநீரகக் கோளாறு. மூவருக்கும் முதல் ரத்தத்தில் டிராபோனின் டி 62 நானோகிராம். மூன்று மணி நேரம் கழித்து முதலாமவருக்கு 64. இது பழைய கசிவாகத்தான் இருக்க வேண்டும். இரண்டாமவருக்கு 118. இது புதிய சேதம். ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. மூன்றாமவருக்கு 46. இறங்குகிறது என்று நிம்மதி அடைய முடியாது. இரண்டு மூன்று நாட்களுக்கு முன் 'வாயுப் பிடிப்பு' என்று அவர் நினைத்துச் சமாளித்தது மாரடைப்பாக இருந்திருக்கலாம்.

எவ்வளவு மாறினால் அது மாற்றம்? ஏற்கெனவே ஏறியிருக்கும் எண் 20 சதவீதத்துக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ அதைப் புதிய சேதமாகக் கருதலாம் என்று அமெரிக்க மருத்துவ உயிர்வேதியியல் நிபுணர்களின் குழு 2007இல் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்காகச் சொன்னது. 2018இல் வெளியான மாரடைப்புக்கான நான்காவது உலகளாவிய வரையறையும் இதே 20 சதவீதத்தை ஏற்றுக்கொண்டது. அந்த வரையறையில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. எண் மாறினால் மட்டும் போதாது. நெஞ்சு வலி, ஈசிஜி மாற்றம், எக்கோவில் இதயச் சுவரின் ஒரு பகுதி அசையாமல் நிற்பது, ஆஞ்சியோகிராமில் ரத்தக் கட்டி போன்றவற்றில் ஒன்றாவது கூடவே இருக்க வேண்டும். கடும் காய்ச்சல், ரத்தத்தில் நச்சு, நுரையீரலில் நீர் கோர்த்தல் ஆகியவையும் எண்ணைக் குலுக்கிவிடும் என்பதால் இந்த எச்சரிக்கை.

இரண்டாவது எண்ணுக்கும் ஒரு பலவீனம் உண்டு. நோயாளி மிகத் தாமதமாக வந்தால், ஏற்றம் உச்சத்தைத் தொட்டு நிற்கும் நேரத்தில் இரண்டு முறை ரத்தம் எடுத்தாலும் ஒரே எண் வரக்கூடும். வலி எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு அதனால்தான் அவ்வளவு மதிப்பு. 'கொஞ்ச நாளாகவே இருக்கிறது' என்ற பதிலைவிட, 'நேற்று ராத்திரி சாப்பிட்ட பிறகு' என்ற பதில் டாக்டருக்குப் பெரிய உதவி.

கார்டில் தெரியாதது

சிறு ஊர்களின் நர்சிங்ஹோம்களில் புழங்குவது பெரும்பாலும் டிராபோனின் கார்டு. சொட்டு ரத்தம் விட்டால் சில நிமிடங்களில் கோடு விழும் அல்லது விழாது. ஆம், இல்லை என்பதற்கு மேல் அது எதுவும் பேசாது. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இது ஓரளவு போதும். எண்ணே தெரியாதபோது, 62 என்பது 64 ஆனதா, 118 ஆனதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இப்படிப்பட்ட நோயாளிக்குக் கோடு விழுந்தால் அது விசாரணையின் தொடக்கம். எண்ணாக அளந்து சொல்லும் இயந்திரம் எங்கே இருக்கிறதோ அங்கே ரத்தத்தை அனுப்ப வேண்டும். இரண்டாவது முறையும் அங்கேயே அனுப்ப வேண்டும்.

அதே இயந்திரம் என்பது முக்கியம். டிராபோனின் ஐ சோதனையை உலகில் பல கம்பெனிகள் செய்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வேறு வரம்பு. ஒரு ஊர் லேபின் டிராபோனின் ஐ எண்ணை இன்னொரு ஊர் லேபின் எண்ணோடு ஒப்பிடுவது, பக்கா படியால் அளந்ததை லிட்டரோடு ஒப்பிடுவதற்குச் சமம். அலகும் ஏமாற்றும். ஒரு லேப் மில்லிலிட்டருக்கு 0.06 என்று எழுதும், இன்னொன்று லிட்டருக்கு 60 என்று எழுதும். இரண்டும் ஒன்றுதான். பதறிப்போன குடும்பத்துக்கு அது ஆயிரம் மடங்கு உயர்வாகத் தெரியும்.

டயாலிசிஸ் நோயாளிகளுக்கு நேரமும் ஒரு பிரச்சினை. சில வகை வடிகட்டிகள் டிராபோனினில் ஒரு பகுதியையும் அகற்றிவிடுகின்றன. டயாலிசிசுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று ரத்தம் எடுத்தால் எண் இறங்கியது இதயத்தாலா, இயந்திரத்தாலா என்று தெரியாது. எடுத்த நேரத்தை ரிப்போர்ட்டில் குறித்து வைப்பதும், முடிந்தவரை டயாலிசிஸ் தொடங்கும் முன் எடுப்பதும் நல்லது.

மூச்சு முட்டலுக்கான சோதனை

டிராபோனினுக்கு அடுத்து அதிகம் கேட்கப்படுவது பிஎன்பி, என்டி-புரோபிஎன்பி ஆகியவை. இதயத்தின் சுவர் அளவுக்கு மீறி விரியும்போது சுரப்பவை. மூச்சு முட்டி வருகிறவருக்கு இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா, அல்லது நுரையீரலே நோய்ப்பட்டிருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல இவை உதவும். பிஎன்பி மில்லிலிட்டருக்கு 100 பிக்கோகிராமுக்குக் கீழே இருந்தால் இதயத் தளர்ச்சி இருக்க வாய்ப்பு குறைவு என்பது பொது விதி. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 60க்குக் கீழே போனவர்களுக்கு இந்த வரம்பை 200 என்று வைத்தால் பொருந்தும் என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. என்டி-புரோபிஎன்பியை வெளியேற்றுவதில் சிறுநீரகத்தின் பங்கு இன்னும் அதிகம். அதற்கு 1,200 என்ற வரம்பு 2006இல் முன்வைக்கப்பட்டது. டயாலிசிஸ் நோயாளிகளில் இந்த எண் சாதாரணமாகவே ஆயிரக்கணக்கில் இருக்கும்.

சிலிகோசிஸ் உள்ள முதியவரிடம் குழப்பம் மூன்று மடங்கு. தழும்பேறிய நுரையீரலுக்குள் ரத்தத்தைத் தள்ள இதயத்தின் வலது அறை சிரமப்படும்போதும் பிஎன்பி ஏறும். சிலிகா சிறுநீரகத்தையும் விட்டுவைப்பதில்லை. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம், சிறுநீரகம் முற்றிலும் செயலிழப்பது மற்றவர்களைவிட அதிகமாக இருப்பதாக 1997இல் ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். எனவே சுரங்கத்தில் வேலை பார்த்தவர் மருத்துவமனைக்குப் போனால், எத்தனை ஆண்டுகள் பூமிக்குள் இறங்கினார் என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். எக்ஸ்ரேயும் எக்கோவும் இல்லாமல், எண்ணை மட்டும் வைத்து இவரது நோயைப் பிரித்தறிய முடியாது.

வலி இல்லாத மாரடைப்பு

எண்ணைவிட ஏமாற்றுவது நோயின் வேஷம். அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் மாரடைப்பு நோயாளிகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவின்படி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களில் 40 சதவீதத்தினருக்கே நெஞ்சு வலி இருந்தது. மற்றவர்களில் இது 62 சதவீதம். மிச்சப் பேருக்கு மூச்சுத் திணறல், களைப்பு, வியர்வை, குமட்டல். சர்க்கரை நோயால் நரம்பு மரத்துப்போனவர்களுக்கு இது இன்னும் அதிகம். டயாலிசிஸ் நோயாளிக்கு மூச்சுத் திணறினால் தண்ணீர் அதிகமாகக் குடித்துவிட்டார் என்றுதான் வீட்டில் முதலில் நினைப்பார்கள்.

ஈசிஜியும் சில நேரம் தடம் மாற்றும். சிறுநீரகம் கெட்டு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் ஈசிஜியின் கோடுகள் உருமாறி, சில சமயம் மாரடைப்பைப் போலவே தோன்றும். தடித்த இதயச் சுவரும் அப்படித்தான். ஆனாலும் ஈசிஜியைத் தள்ளிப்போட முடியாது. பெரிய ரத்தக் குழாய் முழுவதும் அடைபட்டதை ஈசிஜி தெளிவாகக் காட்டிவிட்டால், டிராபோனின் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பது குற்றம். இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில் கர்நாடகத்தின் சிற்றூர்களுக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபரில் 46 வயதில் மாரடைப்பால் இறந்த பிறகு, அவர் பெயரில் மாநில அரசு 2023இல் இருதய ஜோதி திட்டத்தைத் தொடங்கியது. தாலுகா, மாவட்ட அரசு மருத்துவமனைகளில் எடுக்கும் ஈசிஜியைப் பெரிய மருத்துவமனை நிபுணர்கள் உடனே பார்த்துச் சொல்கிறார்கள். தேவைப்பட்டால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் டெனெக்டிபிளேஸ் ஊசியை இலவசமாகப் போடுகிறார்கள். மாரடைப்பின் முதல் மணி நேரத்தை டாக்டர்கள் பொன்னான நேரம் என்கிறார்கள். அந்த நேரத்தைப் பெங்களூர் சாலையில் கழிக்காமல் காப்பாற்றுவதுதான் திட்டத்தின் நோக்கம். ஆனால் இது ஈசிஜியில் பளிச்சென்று தெரியும் மாரடைப்புக்கு. சிறுநீரக நோயாளிகளுக்கு அதிகம் வருவது ஈசிஜியில் மங்கலாகத் தெரியும் வகை. அங்கேதான் இரண்டாவது ரத்தம், மூன்று மணி நேரக் காத்திருப்பு, பழைய ரிப்போர்ட் எல்லாம் தேவைப்படுகின்றன.

தெரியாத சிறுநீரகம்

இதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. தனக்குச் சிறுநீரகம் பலவீனம் என்பதே பலருக்குத் தெரியாது. இந்தியாவின் பல நகரங்களில் நடந்து 2013இல் வெளியான 'சீக்' ஆய்வு, பரிசோதித்தவர்களில் 17 சதவீதத்தினருக்குச் சிறுநீரக நோயின் ஏதோ ஒரு கட்டம் இருப்பதாகக் கண்டது. கால் வீங்கும் வரை, வாந்தி வரும் வரை அது வாயைத் திறப்பதில்லை.

கிரியேட்டினின் எண்ணும் பல நேரம் இதை மறைக்கிறது. 30 வயது ஆணுக்குக் கிரியேட்டினின் 1.4 என்றால் சிறுநீரகம் ஏறக்குறைய 70 என்ற அளவில் வடிகட்டுகிறது. 70 வயதுப் பெண்ணுக்கும் அதே 1.4 என்றால் வடிகட்டும் திறன் ஏறக்குறைய 40 மட்டுமே. முதியவர்களுக்குத் தசை குறைவு. தசையிலிருந்து வரும் கிரியேட்டினினும் குறைவு. அதனால் எண் சிறியதாகத் தெரிகிறது. 'கொஞ்சம்தான் கூடுதல்' என்று சொல்லி அனுப்பப்பட்ட பாட்டிக்குப் பாதிக்கும் மேல் சிறுநீரகம் போயிருக்கலாம். நெஞ்சு வலியோடு வருகிற முதியவருக்கு டிராபோனினோடு கிரியேட்டினினையும் பார்த்து, வயதை வைத்து வடிகட்டும் திறனைக் கணக்கிட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். ரத்தத்தை இளக்கும் சில ஊசிகளுக்கு அளவைக் குறைக்கவும் அந்தக் கணக்கு தேவை.

மாரடைப்பு இல்லை என்று உறுதியான பிறகும் வேலை முடிவதில்லை. ஏறிய நிலையிலேயே நிற்கும் டிராபோனின் ஒரு எச்சரிக்கை மணி. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது, உப்பையும் நீரையும் அளப்பது, ரத்த சோகையைச் சரி செய்வது, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை ஆகியவற்றுக்கு இவர்களிடம் பலன் அதிகம். சிறுநீரக நோயாளிகள் 9,270 பேரிடம் நடத்தி 2011இல் வெளியான 'ஷார்ப்' ஆய்வில், கொழுப்பைக் குறைக்கும் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 17 சதவீதம் குறைந்தன. மூட்டு வலிக்குக் கடையில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரைகளை நிறுத்துவது இவற்றில் செலவே இல்லாத வைத்தியம். சுரங்கத்தில் முதுகையும் முழங்காலையும் தேய்த்தவர்களுக்கு அது எளிதல்ல என்பதும் உண்மைதான்.

பழைய காகிதத்தின் மதிப்பு

நோயாளி செய்ய வேண்டியது அதிகமில்லை. உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எடுத்த ஈசிஜி ஒன்று, எக்கோ ரிப்போர்ட் ஒன்று, கிரியேட்டினின் அளவு, முடிந்தால் ஒரு டிராபோனின் எண் ஆகியவை கையில் இருக்க வேண்டும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இப்படி ஒரு அடிப்படை எண்ணை எடுத்து வைப்பது பயன் தரும். நடு இரவில் நோயாளியை முதல் முறை பார்க்கும் டியூட்டி டாக்டருக்கு, ஆறு மாதத்துக்கு முன்பும் 60 இருந்தது என்று சொல்லும் ஒரு தாள், மூன்று மணி நேரக் காத்திருப்பைச் சுருக்கலாம். அந்தத் தாளில் 15 என்று இருந்தால், காத்திருக்கவே கூடாது என்று அது சொல்லும்.

தங்கவயலுக்குப் பழைய காகிதத்தின் அருமை தெரியும். சுரங்கம் மூடி கால் நூற்றாண்டு ஓடிவிட்டாலும், நிலுவைத் தொகைக்காகவும் குடியிருக்கும் வீட்டின் உரிமைக்காகவும் கம்பெனிக் காகிதங்களைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். சுரங்கத்தோடு மூடப்பட்ட கம்பெனி மருத்துவமனையை, 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது தன்னார்வலர்கள் கூடிச் சுத்தம் செய்து திறந்ததையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. கம்பெனி போனதும் நோயாளியின் வரலாற்றைக் கையில் வைத்திருந்த டாக்டர்களும் போனார்கள். இனி அந்த வரலாறு நோயாளியின் ஃபைலில்தான் இருக்கிறது.

ஒரே ஒரு கல்லைப் பொடித்துப் பார்த்துவிட்டு, இங்கே தங்கம் ஓடுகிறது என்று எந்தச் சுரங்கக்காரரும் முடிவு கட்டியதில்லை. அடுத்த கல்லையும் பார்ப்பார், நேற்றைய கணக்கையும் புரட்டுவார். அவருடைய ரத்தத்தைப் பார்க்கிறவர்களுக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.